கையெழுத்தில் தொடங்கி வாக்குச் சீட்டு வரை



தோட்டத்தில் ஒரு மனு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை, அல்லது பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது. யாரோ ஒரு தம்பி தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு மாலையில் லயத்தில் வீடு வீடாக வருகிறான். அடுப்பில் சோறு கொதிக்கிறது. "அக்கா, இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறான். "என்னப்பா இது?" என்று கேட்டால், "தண்ணி விஷயம்தான் அக்கா" என்கிறான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டுவிடுகிறோம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வந்தவன் நம் தம்பி, அதனால் குற்றமில்லை. முன்பின் தெரியாத ஒருவர், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு வந்திருந்தால்?

அப்படி வாங்கப்படும் கையெழுத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதி மாநிலங்களில், மக்கள் போடும் கையெழுத்து ஒரு சட்ட நகலை மாநிலம் முழுவதற்குமான வாக்குச் சீட்டில் ஏற்றிவிடும். வாக்காளரில் பெரும்பாலோர் 'ஆம்' என்றால் அது சட்டம். அமெரிக்க நாடு முழுவதற்கும் இந்த வழி கிடையாது. மாநில அளவில்தான் உண்டு. அவற்றுள் பெரியதும், இந்த வழியை ஓயாமல் பயன்படுத்துவதும் கலிபோர்னியா. அங்கே திராட்சை பறித்த தொழிலாளர்கள் இந்த வழியில் ஒரு முறை தப்பியதும், ஒரு முறை தோற்றதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

நமக்குப் பழக்கமான முறை வேறு. நாம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்கள் சட்டம் செய்கிறார்கள். மக்களிடமே நேராகக் கேட்ட ஒரு நிகழ்ச்சி சிங்கப்பூரில் 1962ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நடந்தது. மலாயாவுடன் இணைவது பற்றிய பொது வாக்கெடுப்பு அது. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே இணைவதற்கான வழிகள். வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. நூற்றுக்கு எழுபத்தொருவர் முதல் வழிக்கு வாக்களித்தார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து பேர் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். கேள்வியை எழுதுவது யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே எழுதியது அரசாங்கம். கலிபோர்னியாவில் அதை மக்களும் எழுதலாம்.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது நடைமுறையில் இருந்தது. அதைப் பற்றி 1893ஆம் ஆண்டு ஜே. டபிள்யூ. சல்லிவன் என்பவர் எழுதிய சிறு நூல் அமெரிக்காவில் பரவியது. முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் தெற்கு டகோட்டா, 1898இல். ஆரிகன் மாநிலம் 1902இல் ஏற்றது. அங்கே இதற்காக ஊர் ஊராக அலைந்தவர் வில்லியம் யூரென், ஒரு கொல்லரின் மகன்.

கலிபோர்னியாவில் இதற்குக் காரணமாக இருந்தது ஓர் இரயில் கம்பெனி. சதர்ன் பசிபிக் என்று பெயர். விவசாயி விளைத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக அதன் வண்டியை விட்டால் வேறு வழியில்லை. கம்பெனி கேட்டதுதான் கட்டணம். சட்டமன்றத்திலும் அதன் ஆட்கள், கட்சிகளிலும் அதன் ஆட்கள். எட்டுக் கைகளால் எல்லாவற்றையும் பிடித்திருக்கும் கடல் பிராணியாகப் பத்திரிகைகள் அதைப் படம் போட்டன. 1910இல் ஹைராம் ஜான்சன் என்ற வழக்கறிஞர் ஆளுநர் பதவிக்கு நின்றார். அவருடைய தகப்பனாரோ இரயில்வேக்கு வேண்டியவர்! மகன் இரயிலில் ஏறாமல் மோட்டார் காரிலேயே மாநிலம் முழுவதும் சுற்றிப் பிரசாரம் செய்து வென்றார். மறு ஆண்டு, 1911 அக்டோபர் 10ஆம் தேதி, மக்களே சட்டம் முன்மொழியும் உரிமையை வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதே நாளில் பெண்களுக்கு வாக்குரிமை தருவதா என்ற கேள்வியும் சீட்டில் இருந்தது. வாக்களித்தவர் அனைவரும் ஆண்கள். 3,587 வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. தாய்மார்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி ஒரு பிரேரணை வாக்குச் சீட்டுக்குப் போகும் பாதையைப் பார்ப்போம். சட்டமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் முன் வைப்பது உண்டு. அதை விட்டுவிடுவோம். வெளியிலிருந்து வருவதுதான் நமக்கு முக்கியம்.

முதலில் சட்டத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, மாநிலத்தின் சட்டத்துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் வெகு காலம் 200 டாலராக இருந்தது. பின்னர் 2,000 டாலர் ஆயிற்று. பிரேரணை வாக்குச் சீட்டில் ஏறிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். சட்டத்துறைத் தலைவர் அதற்கு ஒரு தலைப்பும், நூறு சொல்லுக்குள் ஒரு சுருக்கமும் எழுதித் தருவார். இந்தச் சுருக்கம்தான் கையெழுத்துப் போடுபவர் கண்ணில் படவேண்டிய பகுதி. அதை மறந்துவிடாதீர்கள், கதையில் மறுபடியும் வரும்.

பிறகு கையெழுத்து வேட்டை. 180 நாள் அவகாசம். சென்ற ஆளுநர் தேர்தலில் விழுந்த மொத்த வாக்குகளில், சாதாரணச் சட்டத்துக்கு 5 விழுக்காடும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 விழுக்காடும் கையெழுத்து வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலைக் கொண்டு கணக்கிட்டால், சாதாரணச் சட்டத்துக்கே 546,651 கையெழுத்து. பதிவு பெற்ற வாக்காளரின் கையெழுத்து மட்டும்தான் செல்லும். மாவட்ட அதிகாரிகள் அவற்றில் ஒரு பகுதியைப் பொறுக்கி எடுத்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தேறினால் மாநிலச் செயலாளர் அதற்கு ஓர் எண் கொடுப்பார். தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் வீட்டுக்குத் தபாலில் ஒரு புத்தகம் வரும். சட்டத்தின் முழு வாசகம், அதனால் ஆகும் செலவு, ஆதரிப்பவர் வாதம், எதிர்ப்பவர் வாதம் எல்லாம் அதில் இருக்கும். இப்போது அது ஸ்பானிஷ், சீனம், இந்தி முதலிய மொழிகளிலும் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் புத்தகம் வருவது கையெழுத்தெல்லாம் வாங்கி முடிந்த பிறகு.

இப்போது கதைக்கு வருவோம்.

அமெரிக்கத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை தந்த சட்டம் 1935இல் வந்தது. பண்ணைத் தொழிலாளரை அந்தச் சட்டம் ஒதுக்கி வைத்தது. 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டிலேனோ என்ற ஊரில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாளில் சீசர் சாவேஸ் தலைமையிலிருந்த மெக்சிகோ வம்சாவளியினர் சேர்ந்துகொண்டார்கள். திராட்சையை வாங்காதீர்கள் என்று நகரத்து மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1970இல் முதலாளிமார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

முதலாளிமார் சும்மா இருக்கவில்லை. 1972இல் மக்களின் ஆயுதத்தையே கையில் எடுத்தார்கள். பிரேரணை எண் 22 என்று ஒன்று கிளம்பியது. பண்ணைகளில் சில வகை வேலைநிறுத்தங்களும் மறியல்களும் பகிஷ்கரிப்பும் இனிச் சட்டவிரோதம் என்பது அதன் சாரம். ஆனால் கடைத்தெருவில் கையெழுத்து வாங்கியவர்கள் சொன்னதோ வேறு: இது சாப்பாட்டுச் சாமான் விலையைக் குறைக்கும் சட்டம்! சட்டத்துறைத் தலைவர் எழுதிய சுருக்கம் தாளின் மேலே இருந்தது அல்லவா? அதன்மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்று புகார் எழுந்தது. வேண்டிய எண்ணிக்கை சேர்ந்தது, எண் கிடைத்தது.

தொழிற்சங்கத்தார் செய்த வேலையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் கூச்சல் போடவில்லை. கையெழுத்திட்டவர்களைத் தேடிப் போனார்கள். "உங்களிடம் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்?" என்று கேட்டார்கள். ஏமாற்றப்பட்டோம் என்று சொன்னவர்களிடம் அதை எழுத்தில் வாங்கினார்கள். அந்தக் கட்டை மாநிலச் செயலாளரிடம் கொண்டுபோனார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஜெர்ரி பிரவுன், பின்னாளில் ஆளுநரானவர். அவர் விசாரித்து, மோசடி நடந்திருக்கிறது என்று கூறி நீதிமன்றத்துக்குப் போனார். ஆனாலும் பிரேரணையைச் சீட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. பிறகென்ன, மக்களிடம்தான் போகவேண்டும். விளம்பரத்துக்குப் பணமில்லாத தொழிலாளர்கள் சாலை ஓரங்களில் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஆளே விளம்பரப் பலகை! நவம்பர் தேர்தலில் நூற்றுக்கு 58 பேர் 'இல்லை' என்று வாக்களித்தார்கள்.

அப்படி நின்றவர்களில் பலருக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் குடிமக்கள் அல்லர். குடியுரிமை இல்லாதவர் படும் பாடு நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1975இல், ஆளுநர் பிரவுன் காலத்தில் பண்ணைத் தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் வந்தது. எந்தச் சங்கம் வேண்டும் என்பதை இரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்க ஒரு வாரியம் அமைந்தது. ஐந்தாறு மாதத்தில் நூற்றுக்கணக்கான பண்ணைகளில் வாக்கெடுப்பு நடந்தது. 1976 தொடக்கத்தில் வாரியத்தின் கையில் இருந்த பணம் தீர்ந்தது. மேற்கொண்டு பணம் ஒதுக்கவிடாமல் முதலாளிமாரின் நண்பர்கள் சட்டமன்றத்தில் தடுத்துவிட்டார்கள்.

இந்த முறை கையெழுத்து வாங்கப் புறப்பட்டது சங்கம். தொண்டர்கள் ஏறத்தாழ ஒரே மாதத்தில் ஏழு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்தார்கள். தேவைக்கு இரண்டு மடங்கு. பிரேரணை எண் 14 என்று அது சீட்டில் ஏறியது. இதைக் கண்ட சட்டமன்றம் அந்தக் கோடையிலேயே வாரியத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டது. அந்த இடத்தில் நின்றிருக்கலாம். சாவேஸ் நிற்கவில்லை.

ஏன் என்றால் அந்தப் பிரேரணைக்குள் இன்னொன்றும் இருந்தது. சங்கத்தின் ஆட்கள் வேலைக்கு முன்னும், பின்னும், சாப்பாட்டு நேரத்திலும் பண்ணைக்குள் வந்து தொழிலாளரிடம் பேசலாம் என்ற விதி. தோட்டத்து எல்லைக்குள் கால் வைக்கவே நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்ற வழக்கத்தை அறிந்த நமக்கு இதன் அருமை புரியும். ஆனால் நகரத்து வீட்டுக்காரருக்கு அது எப்படிப் பட்டது? முதலாளிமார் தரப்பில் முன்னே நின்று பேசியவர் ஹாரி கூபோ, ஜப்பானிய வம்சாவளி விவசாயி. உலகப் போரின்போது முகாமில் அடைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். சொந்த நிலத்தின்மேல் உள்ள உரிமை பறிபோகிறது என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள் அதில் தங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். பண்ணை என்பது அவர்கள் காதில் விழவில்லை. யாரோ அந்நியர் உள்ளே வருவதுதான் விழுந்தது. 62 விழுக்காட்டினர் 'இல்லை' என்றார்கள். தாளில் ஏழு லட்சம் பேர் போட்ட கையெழுத்து வேறு, திரைக்குப் பின்னால் போடும் வாக்கு வேறு என்று சங்கம் கண்டுகொண்டது. என் எண்ணத்தில், பணம் கிடைத்த அன்றே அது நின்றிருக்க வேண்டும். வாரியத்தைக் காப்பாற்றிய வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டே தோல்வியைத் தேடிப் போயிற்று.

அந்த நுழைவு விதி வாரியத்தின் விதியாகவே பின்னும் பல ஆண்டுகள் இருந்தது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இதற்கிடையில் கையெழுத்து வாங்குவது பெரும் தொழிலாகிவிட்டது. 1978இல் சொத்து வரியைக் கட்டுப்படுத்தும் பிரேரணை 13 பெருவெற்றி பெற்றதும் எல்லாரும் இந்த வழிக்கு வந்தார்கள். கூலி கொடுத்துக் கையெழுத்து வாங்கக் கூடாது என்று கொலராடோ மாநிலம் போட்ட தடையை 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கலிபோர்னியாவில் மனுத்தாளிலேயே ஓர் அறிவிப்பு அச்சாகிறது: இதைக் கொண்டுவருபவர் கூலிக்கு வருபவராகவும் இருக்கலாம், தொண்டராகவும் இருக்கலாம், எது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரும் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் காட்டவேண்டும். போட்ட கையெழுத்தை, மனு தாக்கலாகும் முன்பு எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறவும் இடமுண்டு.

பிரேரணைகளின் எண் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் 2020ஆம் ஆண்டு நவம்பரில் இன்னொரு பிரேரணை 22 வந்தது. கைத்தொலைபேசி வழியாக அழைத்தால் காரோடு வரும் ஓட்டுநர்கள் கம்பெனியின் தொழிலாளர்களா, தனித்து நிற்கும் ஒப்பந்தக்காரர்களா என்பது கேள்வி. தொழிலாளர்கள் என்றால் குறைந்தபட்ச ஊதியம், மிகைநேரச் சம்பளம் எல்லாம் தரவேண்டும். ஊபர், லிஃப்ட் முதலிய கம்பெனிகள் ஒப்பந்தக்காரர்களே என்ற சட்டத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, ஆதரவுப் பிரசாரத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இந்த முறை 'ஆம்' என்றார்கள். ஓட்டுநர் சிலரும் ஒரு தொழிற்சங்கமும் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.