அருளும் உறவின் எல்லையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிறித்தவ வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள்

தமிழ் அறநூல்களில் அன்பும் அருளும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்து ஓதினார். இவ்வைப்பு முறையை விளக்கப் புகுந்த பரிமேலழகர், அன்பு உறவுடையாரைப் பற்றி எழுவது என்றும், அருள் உறவு நோக்காது எவ்வுயிர்க்கும் சுரப்பது என்றும் பொருள்பட உரைப்பர். மனைவி, மக்கள், சுற்றம் என்னும் வட்டத்துள் நிற்பது அன்பு; அவ்வட்டத்தைக் கடந்த இடத்தில் அருள் தொடங்குகின்றது. சைவ சித்தாந்தமோ அருளை இறைவனின் சத்தியாகவே கொள்ளும். உமாபதி சிவம் அதன்பொருட்டே திருவருட்பயன் என்னும் தனிநூல் இயற்றினார். ஆகவே, அருள் என்னும் ஒரு சொல் தமிழில் இரு திசை நோக்குடையது. இறைவனிடமிருந்து உயிருக்கு வருவதும் அதுவே. ஓருயிரிடமிருந்து உறவல்லாத மற்றோருயிருக்குச் செல்வதும் அதுவே.

கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, தகுதி நோக்காது இறைவன் மாந்தர்க்கு அளிக்கும் கொடை. இதனைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் காலந்தோறும் வேறுவேறு சொற்களை ஆண்டனர். கத்தோலிக்கரின் பழைய செபங்களில் பிரியதத்தம் என்றும், ஞானோபதேச நூல்களில் இஷ்டப்பிரசாதம் என்றும் அது வழங்கியது. சீர்திருத்தச் சபையார், 1871இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பில் கிருபை என்னும் சொல்லைக் கொண்டனர். திண்டிவனத்தில் உள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் வழியாக 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அருள் என்னும் சொல்லை ஏற்றது. முன்னைய சொற்கள் மேலிருந்து வரும் கொடையை நன்கு உணர்த்துவன. அக்கொடையைப் பெற்றவன் அயலானுக்குச் செய்யக் கடவது யாது என்னும் வினாவையும் உடன்கொண்டு வருவது அருள் என்னும் சொல்லே. அறநூல் வழக்கு அதற்கு அவ்வலிமையைத் தந்துள்ளது.

இவ்வினாவுக்கு விடையை ஞானோபதேச நூல்களில் மட்டும் தேடினால் போதாது. மக்கள் வாழ்விலும் தேடல் வேண்டும். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட நிலப்பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டம். அதினின்று 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்துள் திண்டிவனம் அடங்கும். இறையருள் செயற்பட்டதா என அளக்கும் கோல் வரலாற்றாசிரியனிடம் இல்லை. ஆயின், அருளை நம்பினோர் உறவின் எல்லையை எவ்விடத்துக் கடந்தனர், எவ்விடத்துத் தயங்கி நின்றனர் என்பதை அவன் காணலாம். அத்தகைய இடங்கள் இரண்டு: ஒன்று பந்தி, மற்றொன்று பிள்ளைப்பேற்று அறையின் வாயில்.

முதற்கண் பந்தியைக் காண்போம். தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபைகளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானியரின் லைப்சிக் சங்கம் பேணி வந்தது. இறைவனின் கொடையாலன்றி மனிதன் தன் தகுதியால் மீட்பு எய்தான் என்பதே லுத்தர் கோட்பாட்டின் உயிர்நிலை. ஆயினும், அக்கோட்பாட்டைக் கேட்ட ஆலயங்களிலேயே சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. திருவிருந்து பெறுவதிலும் முன்பின் என்னும் வரிசை இருந்தது. 1850இல் சென்னையில் பல சங்கங்களைச் சேர்ந்த மறைப்பணியாளர் கூடி, சாதியைக் கைவிட்டமைக்குச் சான்றாக உடனுண்ணுதலை வேண்டினர். லைப்சிக் சங்கத்தார் இதற்கு உடன்பட்டிலர்.

அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் கார்ல் கிரவுல். இவர் தமிழுலகம் நன்கறிந்த பெரியார். 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் மேற்கொண்டு தமிழ் கற்றவர். திருக்குறளை 1856இல் ஜெர்மன் மொழியில் தந்தவர். சாதியைப் பெரிதும் ஒரு சமூக ஏற்பாடாகக் கொண்ட அவர், புறத்திலிருந்து கட்டளையால் அதனை அறுப்பதைவிட, நற்செய்தி அகத்தே நின்று மெல்ல மாற்றுவதே நெறி எனக் கருதினார். இக்கருத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. பிறநாட்டார் ஒரு சமூகத்தின் வாழ்முறையை வல்லந்தமாக உடைத்தல் கூடாது என்னும் எண்ணமும் அதனுள் இருந்தது. ஆனால், மெல்ல மாறும் என்று காத்திருந்த காலமெல்லாம் காத்திருப்பின் சுமையைத் தாங்கியவர் யாவர் என்று வினவுதல் வேண்டும். பின்வரிசையில் அமர்ந்தவரே அதனைத் தாங்கினர்.

கிரவுலின் சங்கத்தில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ் என்பவர் இந்நிலையை ஏற்றிலர். சாதிச் சிக்கலின்பொருட்டே அவர் லைப்சிக் சங்கத்தினின்றும் பிரிந்தார். விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இன்றைய இருப்புப்பாதையின் ஓரத்தில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில், 1860களின் தொடக்கத்தில் பெத்தானியா என்னும் பணித்தலத்தை நிறுவினார். டேனிய மறைப்பணிச் சங்கம் அவரைத் தன் பணியாளராக ஏற்றது. அவ்வழியே வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அருளுடைமை என்னும் அதிகாரத்தை ஜெர்மானியர்க்கு அறிமுகம் செய்த கிரவுல் பந்தியின் வாயிலில் பொறுமை வேண்டினார்; ஓக்ஸ் அவ்வாயிலைக் கடக்கத் தம் சங்கத்தையே துறந்தார். இருவரும் ஒரே கோட்பாட்டை ஓதியவரே. வேறுபாடு, தகுதி நோக்காத கொடையைப் பெற்றவர் பிறர் தகுதியை நோக்கலாமா என்னும் ஒரு வினாவில் அமைந்தது.

இனித் திண்டிவனத்து நிகழ்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து 1819இல் புறப்பட்டு இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் மருத்துவப் பணி செய்தவர் மூத்த ஜான் ஸ்கடர். அவர் மக்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தோற்றுவித்தனர். அக்குடும்பத்து இளைய மகனான இரண்டாம் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் மருத்துவராக இருந்தபொழுது, தாயின் நோய் காரணமாக அவர் மகள் ஐடா 1890இல் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தார். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கு மறைப்பணியில் அன்று நாட்டம் இல்லை. தாய் நலம் பெற்றதும் மீண்டுவிடுவதே அவர் எண்ணம்.

ஓர் இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர்: அந்தணர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், வேறு குலத்து இந்து ஒருவர். மூவர் மனைவியரும் மகப்பேற்று இடரில் கிடந்தனர். தாம் மருத்துவர் அல்லர் என்றும், தம் தந்தையார் உடனே வருவார் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியரைக் காண்பதற்கு மூவரும் உடன்படாது திரும்பினர். பொழுது புலர்வதற்குள் மூன்று பெண்டிரும் உயிர் துறந்தனர். அவ்விரவில் இறைவனைத் தாம் நேர்ப்பட்டதாக ஐடா பிற்காலத்தில் உரைத்தார்.

இந்நிகழ்ச்சியைக் கணவன்மாரின் கல்நெஞ்சத்துக்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அது பொருந்தாது. நள்ளிரவில் சமயமும் குலமும் வேறான வெளிநாட்டார் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அன்பில்லாதவர் அல்லர். அவர்தம் அன்பு மெய்யானது. ஆனால், வழக்கம் வகுத்த எல்லைக்குள் நின்றது. மறுபுறம், உதவ விரும்பிய மருத்துவரும் அவ்வீட்டில் இருந்தார். எனினும் அவரால் பேற்றறையின் வாயிலைக் கடக்க இயலவில்லை. அன்பும் இருந்தது, உதவும் மனமும் இருந்தது. இவ்விரண்டற்கும் இடையே நடந்து செல்லத்தக்க ஒருவர் மட்டும் இல்லை. அந்த இடைவெளியைத் தாமே நிரப்பத் துணிந்ததே ஐடா பெற்ற அழைப்பின் பொருள் என யாம் கருதுகின்றோம். வழக்கத்தைப் பழித்துக் கொண்டிராமல், அவ்வழக்கம் அனுமதிக்கும் பெண் மருத்துவராக அவரே உள்ளே செல்லத் தலைப்பட்டார். அவர் அமெரிக்கா சென்று பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் தமிழகம் திரும்பி, வேலூரில் பணி தொடங்கினார்.

வள்ளுவர் அருளை அன்பு ஈன்ற மகவாகவும், பொருளை அம்மகவை வளர்க்கும் செவிலியாகவும் உருவகஞ் செய்தார். வேலூர் வரலாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஷெல் என்னும் நியூயார்க் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்க, மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் 40 படுக்கைகளுடன் எழுந்தது. மனைவியின்பால் கொண்ட அன்பு, அவர் கண்டிராத நாட்டுப் பெண்டிர்க்கு அருளாயிற்று. 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. இவற்றுள் பின்னையது மிக முதன்மையானது. வெளிநாட்டுப் பெண் ஒருவர் உள்ளே செல்லும் நிலை மாறி, இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக உள்ளே செல்லும் நிலை அதனால் வந்தது. 1947இல் ஆடவரும் அக்கல்லூரியில் சேர்க்கப்பெற்றனர். ஐடா 1960இல் கோடைக்கானலில் மறைந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கொண்டு இவ்வட்டாரத்தில் அருள் எல்லையை முற்றும் வென்றது என முடிவு கட்டுதல் தவறாகும். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்கள் ஆலயத்தைத் தனிப்பங்காக ஏற்கவேண்டும் என்று கோரியதை ஒட்டிப் பூசல் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஓக்ஸ் தம் சங்கத்தைத் துறந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும், அதே நிலப்பகுதியில், வேறொரு சபையில், அதே வினா விடை வேண்டி நின்றது. பேற்றறையின் வாயில் திறந்த அளவுக்குப் பந்தியின் வாயில் திறக்கவில்லை. நோய் வந்தபொழுது அயலார் கையை ஏற்கும் மனம், நலமாக இருக்கும்பொழுது அவருடன் சமமாக அமர மறுக்கின்றது. உதவி பெறுதலினும் சமமாக ஏற்றல் அரிது என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். திண்டிவனத்து இரவை நாம் அறிவது ஐடாவின் கூற்றால். அவர் பெயரால் நூல்கள் எழுந்தன. இறந்த மூன்று பெண்டிரின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை. அவர்தம் இறப்பே ஒரு பெருநிறுவனத்துக்கு வித்தாயிற்று என்றால், அவரும் இவ்வரலாற்றுக்கு உரியரே. பின்வரிசையில் அமர்ந்து திருவிருந்து பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளும், மறைப்பணியாளர் கடிதங்களும், மருத்துவமனை ஏடுகளும் தமிழாய்வாளரால் இந்நோக்கில் பயிலப்பெறுதல் வேண்டும். அருள் கொடுத்தவரைப் பற்றி எழுதியது போதும். அதனை வேண்டி நின்றவர், பெற்றவர், பெறாதவர் ஆகியோரை இனி நாம் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.