மொத்த உடைமைச் செலவு (கணினித் துறை)

கணினி, மென்பொருள் ஆகியவற்றின் விலையோடு அவற்றை நிறுவவும், ஊழியரைப் பழக்கவும், பராமரிக்கவும், கடைசியில் கைவிடவும் ஆகும் செலவையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் கணக்குமுறை. துறையில் டி.சி.ஓ. என்றே வழங்குகிறது. யானை வாங்குகிறவன் தீனிக்கும் பாகனுக்கும் எடுத்துவைக்க வேண்டும் என்பது பழைய அறிவுதான். அதைக் கணினிக்குத் தலைப்புவாரியாகப் போட்டுக் காட்டிப் பரவலாக்கியது அமெரிக்காவின் கார்ட்னர் ஆய்வு நிறுவனம், 1987இல்.

அதற்கு முன் நிறுவனங்களின் கவலை வாடகையா, சொந்தமா என்பதாக இருந்தது. ஐ.பி.எம். தன் இயந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவற்றை விலைக்கும் தர வேண்டியதாயிற்று. மென்பொருளுக்குத் தனி விலை என்ற வழக்கமும் அப்போது இல்லை. வாடகையோடு சேர்ந்தே வந்தது. 1969இல் ஐ.பி.எம். இரண்டையும் பிரித்து விலை வைப்பதாக அறிவித்த பிறகுதான், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது வாங்குகிறவர்களுக்கே தெரியத் தொடங்கியது.

1964இல் வந்த ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360 கணினி வரிசை இன்னொரு செலவைக் குறைத்தது. அதுவரை பெரிய இயந்திரத்துக்கு மாறினால் நிரல்களைத் திரும்ப எழுத நேரும். 360 வரிசைக்குள் சிறியதிலிருந்து பெரியதுக்குத் தாவலாம். வரிசையை விட்டு வெளியே போவதுதான் கடினம். அந்தக் கதவை உடைத்தவர், அதே 360இன் தலைமை வடிவமைப்பாளரான ஜீன் ஆம்டால். தனியே நிறுவனம் தொடங்கி, ஐ.பி.எம். மென்பொருளை அப்படியே ஓட்டும் இயந்திரத்தை 1975இல் தந்தார். ஐ.பி.எம். விற்பனையாளர் வரும் நாளில் மேசைமேல் ஆம்டால் பெயர் பொறித்த காபிக் கோப்பை ஒன்றை வைத்தாலே தள்ளுபடி கிடைத்துவிடும் என்று துறையில் ஒரு கதை உண்டு. பேரம் பேசும் வலு என்பது எந்தச் செலவுப் பட்டியலிலும் ஏறாத இனம்.

இந்தியாவில் ஐ.பி.எம். பழைய 1401 இயந்திரங்களைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டுவந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி தன் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க மறுத்து, 1978இல் வெளியேறியது. அந்த இயந்திரங்களின் பராமரிப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. விற்றவர் போய்விட்டால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இந்திய அலுவலகங்கள் சீக்கிரமே முகம் கொடுத்தன.

மேசைக்கணினிகள் பெருகிய காலத்தில் கார்ட்னர் சுட்டியது வரவுசெலவில் எழுதப்படாத செலவை. கணக்கர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து மேசையின் பிரிண்டரைச் சரிசெய்துகொண்டிருந்தால் அந்த நேரமும் கணினிச் செலவே. இது நல்ல பார்வை. ஆனால் அளக்கச் சிரமமான இனங்கள் நுழைந்ததும், கணக்குப் போடுகிறவரின் கை ஓங்கியது. 2002இல் மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்து, சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.டி.சி. செய்த ஆய்வில், ஐந்து சர்வர் பணிகளில் நான்கில் லினக்ஸைவிட விண்டோஸே ஐந்தாண்டுக் கணக்கில் மலிவு என்று முடிவு வந்தது. அதில் பெரும்பங்கு ஊழியர் சம்பளம், அதுவும் அமெரிக்கச் சம்பளம். உரிமக் கட்டணம் டாலரைச் சார்ந்தும் சம்பளம் ரூபாயிலும் இருக்கும் ஊரில் அந்த விகிதம் அப்படியே செல்லாது. சி. உமாசங்கர் தலைமையில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம்.

இம்முறையின் வலுவையும் நலிவையும் ஒருசேரக் காட்டியது ஜெர்மனியின் மியூனிக். 2003இல் அந்நகராட்சி சுமார் 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் விட்டு மேயரைப் பார்க்க வந்தார், விலையும் இறங்கியது. நகராட்சி அசையவில்லை. 2012இல் ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது. மைக்ரோசாஃப்டுக்காக எச்.பி. தயாரித்த அறிக்கையோ லினக்ஸால் நட்டம் என்றது. ஒரே நகரம், அதே கணினிகள். 2017இல் நகரமன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. 2020இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்றவரை திறமூல மென்பொருள் என்று மறுபடி திரும்பியது.

2006இல் அமேசான் சேமிப்பிடத்தையும் கணித்திறனையும் பயன்பாட்டுக்கேற்ற கட்டணத்தில் தரத் தொடங்கியதும் வாடகை திரும்ப வந்தது. சிறு நிறுவனங்களுக்கு அது வரம்தான், மூலதனம் வேண்டியதில்லை. சுமை பெரிதாகவும் சீராகவும் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பயனர் தரவின் பெரும்பகுதியைத் தன் சொந்த சர்வர்களுக்கு மாற்றியதில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் குறைந்ததாக டிராப்பாக்ஸ் 2018இல் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் கோப்புச் சேமிப்புச் சேவை நிறுவனமான அது தெரிவித்தது.

மென்பொருளிலும் வாடகை திரும்பியது. மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவனமான வி.எம்.வேரை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. ஏற்கெனவே நிரந்தர உரிமம் வைத்திருந்த அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஏ.டி. அண்ட் டி., ஒப்பந்தப்படி தனக்குச் சேர வேண்டிய பராமரிப்புச் சேவை மறுக்கப்படுவதாக 2024இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.