மூன்று வேளை ஒலிபரப்பு: ஐம்பதுகளில் தமிழ் வானொலியின் ஒரு நாள்

சென்னையில் வானொலி, ஆர்வலர்களின் முயற்சியாகத் தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் முன்னின்று நிறுவிய சென்னை மாகாண வானொலிக் கழகம் பணமுடையால் 1927இல் ஓய்ந்தபின், அதன் ஒலிபரப்பியைப் பெற்ற மாநகராட்சி 1930 முதல் தானே நிகழ்ச்சிகளை நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்துப் பொதுமக்களைக் கேட்கச் செய்தது. அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்று சென்னையிலும், 1939 மே 16 அன்று திருச்சியிலும் நிலையங்களைத் திறந்தபோதும் பெட்டி வைத்திருந்தோர் சிலரே. கேட்க விரும்பியோர் பலர். ஆகவே எந்த வேளையில் யார் ஓய்வாக இருப்பார், யார் ஓரிடத்தில் கூடுவார் என்னும் கணக்கே அந்நிலையங்களின் நிகழ்ச்சி நிரலை வகுத்தது.

ஐம்பதுகளில் ஒலிபரப்பு நாள் முழுவதும் நீளாமல், காலை, நண்பகல், மாலை என மூன்று பகுதிகளாகப் பிரிந்து, இடைப்பட்ட நேரங்களில் அடங்கியிருந்தது. காலை ஒலிபரப்பு முகப்பிசையுடன் தொடங்கும். தம்புராச் சுருதியின்மேல் நரம்பிசை ஒலிக்கும் அந்த மெட்டை, ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்து பம்பாய் நிலையத்தில் பணியாற்றிய வால்ட்டர் காஃப்மன் என்னும் யூத இசையறிஞர் முப்பதுகளில் அமைத்தார். நாதசுரத்தின் மங்கல இசையும் பக்திப் பாடல்களும் அடுத்து வரும். தமிழ்ச் செய்தியோ டெல்லியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் தயாரான செய்தியை அங்கேயே மொழிபெயர்த்துப் பூர்ணம் விசுவநாதன் போன்றோர் வாசிக்க, சிற்றலையில் வரும் அக்குரலைத் தமிழ்நாட்டு நிலையங்கள் வாங்கி மறு ஒலிபரப்புச் செய்தன. வளிமண்டலம் சீராக இல்லாத நாள்களில் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது இதனால்தான்.

நண்பகல் வேளை, வீட்டிலிருந்த பெண்களுக்கும் பள்ளி மாணவர்க்கும் உரியதாக இருந்தது. வகுப்பறைப் பாடத்துக்குத் துணையாக உரையும் உரையாடலும் நாடகமும் கலந்து அமைக்கப்பட்ட கல்வி ஒலிபரப்பில் தேர்ந்த எழுத்தாளர்கள் பணியாற்றினர்; தி. ஜானகிராமன் சென்னை நிலையத்தில் இப்பணியில் அமர்ந்தது 1954இல். கரும்பலகையோ படமோ இல்லாமல், சொல்லாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் மட்டுமே பொருளை விளங்கவைக்க வேண்டிய இவ்வேலை, கேட்டவுடன் புரியும் சிறு வாக்கியங்களைக் கொண்ட ஓர் உரைநடையைத் தமிழுக்குப் பழக்கியது.

மாலை ஒலிபரப்பே நீளமானது. பஞ்சாயத்துகளில் வைக்கப்பட்ட பொதுப் பெட்டிகளின் முன் கூடும் உழவர்க்கான கிராம நிகழ்ச்சி முதலிலும், செய்தியை ஒட்டிக் கச்சேரியும் நாடகமும் பின்னரும் இடம்பெற்றன. ஒலிப்பதிவு நாடா அரிதாக இருந்த காலமாகையால் கச்சேரிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. வெளியோசை புகாதபடி இரட்டைக் கதவும் ஒலியை உறிஞ்சும் சுவர்ப்பலகைகளும் கொண்ட கலையகத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இருமலோ நாற்காலி நகரும் ஓசையோ எழக்கூடாது. மாதச் சம்பளத்தில் நிலையத்திலேயே பணிபுரிந்து, வந்த கலைஞர்களுக்குப் பக்கம் வாசித்த நிலைய வித்வான்கள் இவ்வொழுங்குக்குப் பழகியவர்கள். சபாக்களில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பாடிய வித்வான்களோ சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தபடி ஆலாபனையையும் தனியாவர்த்தனத்தையும் சுருக்கக் கற்க வேண்டியிருந்தது. கச்சேரி முன்னதாக முடிந்தால் அறிவிப்பாளர் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு இடைவெளியை நிரப்புவார். நேரம் மீறினால் ஒலி மெல்லக் குறைக்கப்பட்டு அடுத்த அறிவிப்பு வந்துவிடும். இக்கட்டுப்பாட்டால் விரிவான மனோதர்மத்துக்கு இடம் குறைந்தது உண்மையே; ஆயினும் சபாவின் வாசலையே அறியாத சிற்றூர்க் கேட்பவர்க்குக் கருநாடக இசை அன்றாடம் கிடைத்ததும் இதே ஏற்பாட்டால்தான்.

கேட்பவர்க்கு நன்மை எதுவெனத் தானே முடிவு செய்யும் போக்கும் அகில இந்திய வானொலியிடம் இருந்தது. இந்திய இசையின் சுருதி நுட்பங்களுக்கு ஒவ்வாதது என்று ஆர்மோனியத்தை 1940 முதல் விலக்கி வைத்தது. 1952இல் பொறுப்பேற்ற ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்களுக்கான இடமும் வெகுவாகச் சுருங்கியது. அதன் விளைவாக, அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற பெட்டியின் முள்ளைத் தமிழ்நாட்டுக் கேட்பவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். திரைப்பாடல்களுக்கு இடந்தந்த விவித பாரதி சேவை 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கப்பட்டது, மக்கள் விருப்பத்தைத் தடையால் மாற்ற முடியாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும்.

எனினும், வேளையறிந்து பேசிய அந்த ஒலிபரப்பின் பயனை மதிப்பிடக் காவிரிப் படுகையின் வயல்களையே பார்க்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆய்வு நிலையம் குறுவைப் பருவத்துக்கு ஏற்ற குறுகிய கால நெல்லான ஆடுதுறை 27ஐ வெளியிட்டபோது, விதை, உரம், நடவு பற்றிய செய்திகளைத் திருச்சி வானொலி உழவர்க்கு மாலைதோறும் எடுத்துச் சொன்னது. தஞ்சை வட்டார உழவர்கள் அதை நம்பிப் பயிரிட்டு, அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு வழங்கினர். பொது ஒலிபரப்பு ஒன்றுக்கு மக்கள் வழங்கக்கூடிய சான்றிதழ் இதைவிடப் பெரிதாக இருக்க இயலாது.