முளவுகாட்டின் மகள் தாட்சாயணி

அரசர்களின் குலமுறையைக் கூற ஆயிரம் நூல்கள் உண்டு. உழைக்கும் மக்களின் குடும்ப வரலாற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. ஆதலின் கேரள நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து இந்திய அரசியல் நிர்ணய சபை வரை சென்ற தாட்சாயணி வேலாயுதன் அம்மையாரின் குடும்ப வரலாற்றை நம் இளைஞர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

எர்ணாகுளத்தை அடுத்த காயலிடையே அமைந்த தீவு முளவுகாடு. அங்கு வாழ்ந்த புலையர் வயலில் உழைத்தனர். ஆனால் பொதுவழியில் நடக்கவும், பெண்கள் மேலாடை அணியவும் தடை இருந்தது. கூட்டம் கூடவும் நிலம் கிடைக்கவில்லை. ஆகவே 1913ஆம் ஆண்டில் அம்மக்கள் படகுகளை ஒன்றாகப் பிணைத்துக் காயல் நீரின்மேலேயே மாநாடு கூட்டினர். வாலர் குலத்துக் கவிஞரான பண்டிட் கருப்பன் அவர்களுக்குத் துணைநின்றார். முளவுகாட்டைச் சேர்ந்த கே.பி. வள்ளோனும் இவ்வியக்கத்தை வளர்த்த தலைவர்களுள் ஒருவர்.

இவ்வெழுச்சிக்கு முந்திய ஆண்டில், 4.7.1912 அன்று, தாட்சாயணி பிறந்தார். புலையர் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா போன்ற பெயர்களே வழங்கிய காலம் அது. தாட்சாயணி என்று பெயரிட்டதே பெற்றோரின் துணிவைக் காட்டும். அக்குடும்பத்துப் பிள்ளைகள் மேலாடை அணிந்தனர், பள்ளிக்கும் சென்றனர். ஒரு பெண்ணின் கல்விக்குப் பின்னே ஒரு குடும்பத்தின் துணிவும், அக்குடும்பத்தின் பின்னே ஒரு மக்கள் இயக்கமும் நின்றதை நாம் மறத்தலாகாது.

கொச்சி அரசின் உதவித்தொகை பெற்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் பயின்றார். ஆசிரியர் ஒருவர் சோதனைகளை அருகில் காட்ட மறுத்தமையால், தொலைவில் நின்று பார்த்தே கற்றார் என்பர். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே எனக் கூறப்படுகிறது. பின் அரசுப் பள்ளி ஆசிரியையானார். ஒருமுறை வயல் வரப்பில் எதிர்ப்பட்ட உயர்சாதிப் பெண்ணொருத்தி இவரை வயலில் இறங்கி வழிவிடச் சொன்னாள். அம்மையார் அசையவில்லை, இறுதியில் அவளே இறங்கிச் சென்றாள். இச்செய்தி அவர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

1940இல் வார்தாவில், காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் முன்னிற்க, ஆர். வேலாயுதனை மணந்தார். 1945இல் கொச்சிச் சட்டமன்றத்திலும் 1946இல் அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார். அச்சபையில் அமர்ந்த பதினைந்து பெண்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் இவர் ஒருவரே. 29.11.1948 அன்று தீண்டாமை ஒழிப்பு விதி விவாதத்திற்கு வந்தபோது அவர் பேசினார். சட்டத்தின் வெற்றி மக்களின் நடத்தையைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. 1978இல் மறைந்தார். அவருடைய மகள் மீரா வேலாயுதன், வரலாற்றறிஞராகி, தாயின் வாழ்வை எழுத்தில் பதிவு செய்தார்.

அன்பார்ந்த இளைஞர்களே! தாயின் கதையை மகள் எழுதியதால் அது நமக்குக் கிட்டியது. நம் இல்லங்களிலும் இத்தகைய கதைகள் பாட்டிமாரின் நினைவில் உள்ளன. முதன்முதல் கையெழுத்திட்டவர் யார், பெண்ணை முதலில் பள்ளிக்கு அனுப்பியவர் யார், அதற்காக அவர்கள் எதை இழந்தனர் எனக் கேட்டு, ஆண்டும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். நாம் கற்ற கல்விக்கு நம் முன்னோர் செலுத்திய விலையை அவ்வேடுகளே நம் பிள்ளைகளுக்கு உணர்த்தும்.