முடிந்தவரை

1933 கோடையில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை, வளர்ந்து நின்ற பயிரை, உழுது அழித்தார்கள். அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது அரசு. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது ரூஸ்வெல்ட் அரசின் கணக்கு. ஏறவும் செய்தது.

ஆனால் பணம் யார் கைக்குப் போச்சு? ஆர்கன்சா மாநிலத்தின் பாய்ன்செட் கவுண்டியில் நிலம் சிலருடையது. விளைச்சலில் பங்குக்கு உழைத்தவர்கள் பலர். மானியத்தின் பெரும்பகுதி நில உரிமையாளருக்குப் போனது. சாகுபடிப் பரப்பு குறைந்ததும் பங்குக்கு உழைத்தவர் வேண்டாதவர் ஆனார். குடும்பத்தோடு வெளியேறச் சொன்னார்கள்.

அடுத்து வந்த 1934-35 ஒப்பந்தத்தில் இதைத் தடுக்க ஒரு ஷரத்து இருந்தது: குத்தகைக்காரர்களின் எண்ணிக்கையை 'முடிந்தவரை' குறைக்கக் கூடாது. நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். 'முடிந்தவரை' என்று ஒரு நிபந்தனை வந்தால், அப்படி ஒரு நிபந்தனையே இல்லை என்றுதான் படிப்பேன். நில உரிமையாளர்களும் அப்படித்தான் படித்தார்கள்.

1934 ஜூலையில் அதே கவுண்டியின் டைரோன்சா ஊரில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம்கூட நிறம் பார்த்துப் பிரிந்திருந்த காலம் அது.

இருக்கும் அதே குத்தகைக்காரரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று ஷரத்துக்கு விளக்கம் சொன்னது அந்த மானியத் திட்டத்தின் சட்டப் பிரிவு. 1935 பிப்ரவரியில் அதன் தலைவர் ஜெரோம் ஃபிராங்கையும் சகாக்கள் சிலரையும் வேலையைவிட்டு நீக்கினார்கள்.

'முடிந்தவரை' அப்படியே இருந்தது.