வீட்டு டிரெட்மில்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இதற்காக நடுத்தர விலையில் டிரெட்மில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

மோட்டார்: விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படுவது பெரும்பாலும் உச்சத் திறன்; அது சிறிது நேரமே கிடைக்கும். தொடர் திறனையே ஒப்பிட வேண்டும். நடைப்பயிற்சிக்கு 1.5 முதல் 2 குதிரைத்திறனும், மெதுவோட்டத்துக்கு 2 முதல் 2.5 குதிரைத்திறனும் பொதுவாகப் போதுமானவை.

பெல்ட்: நடப்பதற்கு 40 செ.மீ. அகலம் போதும். மெதுவாக ஓடுவோருக்கு 45 செ.மீ. அகலமும் சுமார் 125 செ.மீ. நீளமும் தேவை. நீளம் குறைந்தால் இடறி விழ நேரிடலாம்.

எடை வரம்பு: பயன்படுத்துவோரின் எடையைவிடச் சுமார் 20 கிலோ கூடுதலாகத் தாங்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பாதுகாப்பு: ஆடையில் மாட்டும் பாதுகாப்புச் சாவி கழன்றதும் பெல்ட் நிற்கிறதா எனக் கடையிலேயே சோதிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீடுகளில், பயிற்சி முடிந்ததும் சாவியை அகற்றி, மின் இணைப்பைத் துண்டிப்பது அவசியம்.

பராமரிப்பு: பெல்ட்டின் அடியில் சிலிகான் எண்ணெய் குறைந்தால் உராய்வு அதிகரித்து மோட்டார் சூடாகும். உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, மின்னணுப் பலகைக்கும் உண்டா, உள்ளூரில் பழுதுநீக்கும் சேவை கிடைக்குமா என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.