மனவடு நோய்

உயிருக்கு ஆபத்தான, அல்லது உடலையும் மானத்தையும் சிதைக்கும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆளானவரிடம், ஒரு மாதம் கடந்த பின்னும் அந்த நிகழ்ச்சி பழங்கதையாகாமல் நிகழ்ந்துகொண்டே இருக்கும் மனநோய். போர், சித்திரவதை, பாலியல் வன்முறை, சாலை விபத்து, தீ, ஆழிப்பேரலை, வீட்டுக்குள் நடக்கும் அடிஉதை ஆகியவை வழக்கமான காரணங்கள். மருத்துவமனைகளில் இதை பி.டி.எஸ்.டி. என்பார்கள். தமிழ்நாட்டில் ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்’ என்பது போன்ற மொழிபெயர்ப்புகள் உண்டு. ‘மனவடு’ இலங்கைத் தமிழ் தந்த சொல். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் எழுதிய தமிழ் நூலின் பெயரும் அதுவே. வடு என்றால் ஆறிய புண்ணின் தழும்புதானே என்று தோன்றலாம். திருக்குறள் புண்ணை ஆறுவதாகவும் வடுவை ஆறாததாகவும் பிரித்து ஆள்கிறது. அந்த வழக்கின்படி சொல் கச்சிதம்.

அதிர்ச்சிக்கு ஆளாகும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய நிகழ்ச்சியைச் சந்திக்கிறார்கள். மொத்த மக்களில் வாழ்நாளில் நோய் காண்பவர்கள் 3.9 விழுக்காடு. பாலியல் வன்முறைக்கும் போருக்கும் ஆளானவர்களிடம் விகிதம் பல மடங்கு உயர்கிறது. நிகழ்ச்சிக்குப் பின் சாய்ந்துகொள்ளத் தோள் கிடைத்ததா என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

வரலாறு

நோய் பழையது, பெயர் புதியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் ஜேக்கப் டா கோஸ்டா 1871இல் இதயக் கோளாறாக விவரித்ததும், 1915இல் சார்லஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ என்று எழுதியதும் பெரும்பாலும் இதையே. முதல் உலகப் போரில் கை நடுங்கி, பேச்சிழந்து நின்ற வீரர்களைக் கோழைகள் என்று ஏசியவர்கள் பலர். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வேறு வழியில் போனார். நினைவை அடக்கி வைப்பதே நோயை வளர்க்கிறது என்று கண்டு, அதைப் பேசவைத்தார். கவிஞர் சிக்ஃபிரிட் சசூன் 1917இல் அவரிடம் சிகிச்சை பெற்றார். இந்த ரிவர்ஸ்தான் அதற்கு முன் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்காக வாதாடிய மருத்துவர்களும் கொடுத்த நெருக்குதலின் பயனாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டு மூன்றாம் பதிப்பில் இன்றைய பெயர் ஏறியது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றிய ஆய்வுகளுக்கும் அதில் பங்குண்டு.

கண்டறிதல்

இதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேனும் இல்லை. பொறுமையான உரையாடல்தான் கருவி. அமெரிக்கக் கையேட்டின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு நான்கு வகைக் குறிகளைக் கேட்கிறது. முதலாவது, நிகழ்ச்சி அழையாமல் திரும்பி வருவது. துக்க நினைவு எல்லோருக்கும் வரும். இவருக்கோ டயர் கருகும் நாற்றம் மூக்கில் பட்டதும் விபத்து மறுபடி நடக்கிறது, உடல் வியர்க்கிறது. இரண்டாவது, விலகல்: அந்தத் தெரு, அந்தப் பேச்சு, அந்த ஆள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போவது. மூன்றாவது, எண்ணமும் உணர்வும் கறுத்துப்போவது. ‘எல்லாம் என்னால்தான்’ என்ற குற்ற உணர்வு, பிள்ளையைத் தூக்கினாலும் பாசம் சுரக்காத மரத்துப்போன நிலை. நான்காவது, ஓயாத காவல்: கதவு சாத்தினால் தூக்கிவாரிப்போடும், எரிச்சல் வரும், தூக்கம் வராது.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ முடக்கினால்தான் இந்நோய். மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பதற்குக் ‘கடும் மன அழுத்தக் கோளாறு’ என்று வேறு பெயர். முழு நோயும் ஆறு மாதம் கழித்தே வெளிப்படுபவர்களும் உண்டு. பேரழிவைத் தொலைக்காட்சியில் பார்த்தது, அது தொழிலின் பகுதியாக இருந்தாலொழிய, கணக்கில் சேராது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பு, நீண்டகாலக் கொடுமைக்கு ஆளாகித் தன்மதிப்பும் உறவுகளும் குலைந்தவர்களுக்கு ‘சிக்கலான’ வகை ஒன்றைத் தனியாகப் பிரித்தது.

20 கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5 என்ற படிவத்தில் 80க்கு 31 முதல் 33 வரையான மதிப்பெண்ணை எல்லைக்கோடாகக் கொள்வது வழக்கம். அது சல்லடை மட்டுமே. மனச்சோர்வு, குடிப்பழக்கம், தலைக்காயம் ஆகியவை கூடவே இருக்கின்றனவா, தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் கேட்காமல் நோயை முடிவுகட்டக் கூடாது.

நம்மவர்கள் இந்தக் குறிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் தலையிடி, நெஞ்சுநோ, நித்திரையில்லை என்பார்கள்; தமிழ்நாட்டில் நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல். குழந்தை என்றால் ‘பயந்துட்டான்’ என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, போய்வாருங்கள் என்று அனுப்பிவிடும் மருத்துவர் நோயைத் தவறவிடுகிறார். சிறு பிள்ளைகள் நடந்ததை விளையாட்டில் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள். படுக்கையில் சிறுநீர் போவது மீண்டும் தொடங்கலாம்.

சிகிச்சை

முதல் நாட்களில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: உயிர் தப்பியவரை உட்காரவைத்து ‘நடந்ததைக் கொட்டிவிடுங்கள்’ என்று வற்புறுத்துவது. ஒரே அமர்வில் முடியும் இந்த உரையாடல் நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பாதுகாப்பு, உணவு, உறவினரைத் தேடித் தருவது, பேச விரும்பினால் கேட்பது ஆகிய உளவியல் முதலுதவி போதும்.

நோய் நிலைத்துவிட்டால் முதலிடம் பேச்சுச் சிகிச்சைக்கு. எட்னா ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் முறையில், நோயாளி கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல் தொடக்கத்திலிருந்து சொல்கிறார்; அந்த ஒலிப்பதிவை வீட்டில் கேட்கிறார்; விலக்கிவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகிறார். அலைக்குப் பயந்து கரைக்கே போகாத மீனவர் முதலில் தெருமுனை வரை, பிறகு மணல் வரை, பிறகு படகு வரை. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். பட்ரீசியா ரெசிக்கின் முறை எண்ணங்களைப் பிடிக்கிறது. ‘கையை விடாமல் இருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும்’ என்ற தாயிடம், அந்த அலையின் முன் எந்தக் கைக்கு அந்த வலு இருந்தது என்று அவரே ஆராயும்படி கேள்விகள் வைக்கப்படும். ஃபிரான்சின் ஷப்பிரோவின் கண்ணசைவு முறையும் பலன் தருகிறது. அதில் கண்ணசைவுக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் சர்ச்சை.

கதையுரைப்புச் சிகிச்சையில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். கயிறுதான் வாழ்க்கை: பிறப்பு முதல் இன்று வரை, மகிழ்ச்சிக்குப் பூ, கொடுமைக்குக் கல். பிறகு ஒவ்வொரு கல்லாகப் பேசி, முழு வாழ்க்கையும் எழுதி வாசிக்கப்படும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 குழந்தைகளிடம் இதையும் தியான-தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பெரும்பாலோர் தேறினர். குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் சாந்தி ஆசனத்தையும் மந்திர செபத்தையும் ஏளனம் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது.

மருந்துகளில் செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் உதவும். கெட்ட கனவுக்குத் தரப்படும் பிராசோசின், 2018இல் வெளியான பெரிய சோதனையில் வெறும் மாத்திரையை விஞ்சவில்லை. டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழக்கமாகிவிடும், தேறுவதையும் தாமதப்படுத்தலாம். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் தமிழில் பேசி உதவி கேட்கலாம்.

எல்லையும் மறுப்பும்

இந்நோய்ப் பெயர் எல்லாப் பண்பாட்டுக்கும் பொருந்துமா என்று பிரித்தானிய மனநல மருத்துவர் டெரெக் சமர்ஃபீல்டு 2001இல் கடுமையாகக் கேட்டார். சமூகத் துயரம் தனிமனித நோயாகச் சுருக்கப்படுகிறது என்பது அவர் வாதம். சோமசுந்தரம் நோயை மறுக்கவில்லை. ஆனால் வடஇலங்கையில் காயம்பட்டது குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் என்று கண்டு, அதைக் ‘கூட்டு மனவடு’ என விளக்கினார். ஆசிரியர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் பயிற்சி தருவதும், தடைப்பட்ட சடங்குகளை மீட்பதும் அவர் பார்வையில் சிகிச்சையே.

இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் விஷயத்தில் நோய்க் கையேடு தடுமாறுகிறது. நிகழ்ச்சிக்குப் பின் குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தனவா என்று அது எண்ணச் சொல்கிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் பந்தல் போட்டுப் பிள்ளையின் படத்துடன் அமர்ந்தவர்களுக்கு அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரியாது. திவசம் கொடுக்கவும் திதி இல்லை.